பிளாஸ்டிக் இல்லா வளாகத்தில் ஒரு மாவுப் பை

விக்கிரமசிங்கபுரம் சந்தனமாரிக்கு விஞ்ஞானத்திடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இட்லி மாவு அடைத்த பை உச்சி வெயிலுக்குள் உப்பி வெடித்துவிடுகிறதே, வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? மகளின் நோட்டில் கிழித்த தாளில் இதை இரண்டு வரியாக எழுதி, மணிபர்சில் மடித்து வைத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தாள். மடிப்பு நைந்து தாள் நாலு துண்டானது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற முனைவர்கள் முப்பத்திரண்டு பேர் இருக்கும் நிலையத்தில், அந்தத் தாளைக் கை நீட்டி வாங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

மில்லுக்குப் போகும் தெருவில் இருக்கிறது அவள் மாவுக்கடை. மூன்று கிரைண்டர், அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள். வெந்தயத்தைத் தனியே ஊறப்போட்டு உளுந்தோடு ஆட்டி, கடைசியில் ஒரு கை அவல் சேர்ப்பாள். அந்த மாவில் ஊற்றிய தோசையை ஆயிரம் தோசைக்கு நடுவே வைத்தாலும் வாசத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளூரிலும் அம்பாசமுத்திரத்திலும் பதினைந்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குமேல் வளர முடியாமல் அந்தப் பைதான் தடுத்தது.

பாளையங்கோட்டையில் மூன்று பெரிய பலசரக்குக் கடைகள் வைத்திருக்கும் அகமது மீரான், மாவை வாங்கிப் போய்த் தின்று பார்த்துவிட்டு ஆளனுப்பி அவளைக் கடைக்கு வரவழைத்தார்.

"மாவு ஏ ஒண்ணு தங்கச்சி. எங்க வீட்டுல இப்ப அதுதான் ஓடுது. ஆனா போன வருசம் ஒருத்தன் போட்ட மாவு பிரிட்ஜுக்குள்ள வெடிச்சு, ஐஸ்கிரீமு, தயிரு, வெண்ணெயின்னு எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டு. ரெண்டு நாள் தாங்கும்னு படிச்ச ஆளுக யாராவது ஒரு தாளுல எழுதித் தரட்டும். மூணு கடைக்கும் சேத்து நாளைக்கு முந்நூறு பை எடுத்துக்கிடுதேன். சித்திரை ஒண்ணு வரைக்கும் அந்த எடத்த ஒனக்குப் போட்டு வச்சிருக்கேன்."

முந்நூறு பை என்றால் இன்னும் நாலு பெண்களுக்கு வேலை. சந்தனமாரி பேருந்தில் திரும்பி வரும்போதே அந்த நாலு பேர் யார் யாரென்று முடிவு செய்துவிட்டாள்.

சேரன்மகாதேவி சாலையில், பேட்டைக்கு இந்தப் பக்கம், நாற்பது ஏக்கரில் வட்டார உணவு நுட்ப ஆய்வு நிலையம் இருக்கிறது. அதற்குள் தொழில் இணைப்பு மையம் என்று ஒன்று. 'சிறுதொழில் செய்வோரே, உங்கள் பிரச்சினையைக் கொண்டு வாருங்கள், விஞ்ஞானத்தைக் கொண்டு போங்கள்' என்று பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தார்கள். புரட்டாசி முதல் செவ்வாய்க்கிழமை, ஒரு தூக்குவாளி நிறைய மாவும் மாவு அடைத்த பை இரண்டுமாக அவள் வாசலில் போய் இறங்கினாள்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் சீவலப்பேரி சுடலைமாடன். ஐம்பது வயது, ஒப்பந்தக் கூலி, கோழி கிளறியது போலில்லாத நல்ல கையெழுத்து.

"யம்மா, தூக்குவாளி உள்ள போகலாம். பை போகாது. இது பிளாஸ்டிக் இல்லா வளாகம்."

"அண்ணாச்சி, நான் வந்ததே பையப் பத்திக் கேக்கத்தான். பை இல்லாம நான் என்னத்தக் காட்ட?"

"எனக்கு வெளங்குது. சட்டத்துக்கு வெளங்கணும்லா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலுக்கு மேல் நாற்பதடி நீளத்தில் ஃபிளெக்ஸ் தொங்கியது. பிளாஸ்டிக் இல்லா வளாகம் உங்களை வரவேற்கிறது.

"அது என்ன, துணியா?"

"அது வெளியதான தொங்குது தாயி. உள்ள வரல்லியே" என்றார் சுடலைமாடன். சொல்லும்போது அவருக்கே முகம் கோணியது.

பறிமுதல் செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டோக்கன் கட்ட வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். மறுநாள் சாயங்காலம் வரை காவல் அறையில் வைத்திருந்து, யாரும் வந்து கேட்காவிட்டால் குப்பைக்கு அனுப்ப வேண்டும். இதுதான் சட்டம். சுடலைமாடன் இரண்டு பைக்கும் சணல் கயிற்றில் டோக்கன் கட்டி மேசைக்கு அடியில் நிற்க வைத்தார். சந்தனமாரி தூக்குவாளியோடு உள்ளே போனாள்.

இணைப்பு மைய இயக்குநர் முனைவர் மகாராஜா அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். ஆண்டறிக்கை எழுதும் நேரம். அந்த வருடக் கணக்கில் காட்ட ஒரு சிறுதொழில்கூட அதுவரை வந்து சிக்கியிருக்கவில்லை. அவள் தாளை எடுத்து நீட்டினாள். அவர் அதை மெல்ல அவள் பக்கமே தள்ளினார்.

"கேள்வி அப்புறம் அம்மா. முதலில் நாம் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் கேட்டால் அது வெறும் சந்தேகம். ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கேட்டால் அது ஆய்வு."

ஒப்பந்தம் போட ஒன்றரை மாதம் ஆயிற்று. விழாவுக்கு ஆள் சேர வேண்டும், குத்துவிளக்கு வாடகைக்கு வர வேண்டும், சால்வை வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்த சந்தனமாரியை மேடையில் உட்கார வைத்து, ஜரிகை போட்ட சால்வையைப் போர்த்தினார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்த நிலையம் தொடங்கிய பதினோரு ஆண்டுகளில் நாற்பத்தேழு சிறுதொழில்களோடு ஒப்பந்தம் கண்டிருக்கிறோம். நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், அந்த நாற்பத்தேழு பேரில் ஒருவர்கூட இரண்டாவது கேள்வியோடு இந்த வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை. அவ்வளவு மனநிறைவு! இன்று நாற்பத்தெட்டாவது. உறங்கிக் கிடக்கும் தாமிரபரணி வட்டாரத்தை நாம் தட்டி எழுப்பப் போகிறோம்."

விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து மாவு ஆட்டிவிட்டு வந்திருந்த சந்தனமாரி, உறங்குவது யாரென்று அரங்கைப் பார்த்தாள். முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் நிம்மதியாகத்தான் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்த கையோடு தாளை மறுபடி நீட்டினாள். இப்போது அதற்கென்று வினா வடிவமைப்புக் குழு ஒன்று அமைத்தார்கள். குழு மூன்று முறை கூடி, மூன்று முறையும் முந்திரி பக்கோடா சாப்பிட்டு, அவள் கேள்வி மிகச் சிறியது என்று கண்டுபிடித்தது.

"வெடிப்பது உங்கள் பை மட்டும்தான் அம்மா" என்று இயக்குநர் விளக்கினார். "நாங்கள் பொதுப்பணத்தில் இயங்குகிறோம். எங்களுக்கு வட்டார அளவில் ஏதாவது வெடிக்க வேண்டும்."

ஆகவே பாபநாசம் தொடங்கி சீவலப்பேரி வரை ஆற்றங்கரை ஊர்களில் ஆயிரத்து இருநூறு வீடுகளில் இட்லி பற்றிய கணக்கெடுப்பு நடந்தது. அறுபத்துநாலு கேள்வி. என்ன கிழமையில் இட்லி, எத்தனை இட்லி, வீட்டில் முதலில் தின்பது யார். சந்தனமாரி வீட்டுக்கும் ஒரு பெண் வந்தாள். மாவு வீட்டில் ஆட்டுவீர்களா, கடையில் வாங்குவீர்களா என்று கேட்டாள்.

"நான்தாம்மா விக்குதேன்."

"அந்தக் கட்டம் இதுல இல்லையே அக்கா" என்று சொல்லி அந்தப் பெண் 'விவரம் தெரியாது' என்பதில் டிக் அடித்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் செவ்வாய்தோறும் ஒரு தூக்குவாளி மாவும், பையில் அடைத்த மாதிரி இரண்டும் கொண்டுவந்து தர வேண்டுமென்று முதல் நாளே கேட்டுக்கொண்டதை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதியும் சொன்னது. பையை உள்ளே விடக் கூடாதென்று வாசல் சட்டம் சொன்னது. இரண்டு சட்டத்துக்கும் நடுவே சந்தனமாரி ஒவ்வொரு செவ்வாயும் முதல் பேருந்தில் வந்தாள். இரண்டு பையையும் சுடலைமாடனிடம் கொடுத்தாள், தூக்குவாளியை ஆய்வகத்தில் கொடுத்தாள், போன வாரத்துத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். போன வாரத்துத் தூக்குவாளி ஒவ்வொரு முறையும் பளிச்சென்று கழுவித் துடைத்து இருந்தது. எவ்வளவு சுத்தமாக ஆய்வு செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

மாசியில் ஒருநாள் ஒரு கையெழுத்துக்காக மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். பசி தாங்காமல் நிலையத்து கேண்டீனுக்குப் போய் ஒரு தோசை கேட்டாள். முதல் விள்ளலை வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெந்தயம். ஒரு கை அவல்.

"அண்ணாச்சி, இந்த மாவு ஏது?"

"செவ்வாக்கெழம மட்டும் ஆய்வகத்துலருந்து வரும்மா" என்றார் தோசைக்கல்லில் நின்றவர். "பெரிய ஆபீசர்லாம் அன்னைக்கு லீவே போட மாட்டாங்க. இதுக்குன்னு எங்கனயோ ஆராய்ச்சி பண்ணிச் செய்யுதாங்களாம்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. சித்திரை ஒன்றுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அந்தத் தாள் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் மாவுக்குத் தானே காசு கொடுத்துத் தின்றுவிட்டுப் போனாள்.

பங்குனி கடைசி வாரம் அறிக்கை வந்தது. தொண்ணூறு பக்கம், வழவழ தாள், அட்டையில் தாமிரபரணி ஆற்றில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. முடிவு எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது: 'ஏழு மாதங்களில் எவர்சில்வர் கொள்கலத்தில் பெறப்பட்ட மாதிரிகள் எதிலும் வெடிப்பு காணப்படவில்லை. எனவே தீர்வு தேவைப்படவில்லை. முப்பத்திரண்டு அலுவலர்கள் பங்கேற்ற சுவை மதிப்பீட்டில் மாவு மிக நன்று எனக் கண்டறியப்பட்டது.'

அகமது மீரான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

"தங்கச்சி, தூக்குவாளி வெடிக்கலன்னு எழுதிக் குடுத்துருக்கான். தூக்குவாளி எதுக்கு வெடிக்கப் போவுது?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம்; 'வெடிப்பு காணப்படவில்லை' என்ற வரியை மட்டும் காட்டியிருக்கலாம். அது அவளுக்கு வராது.

"எனக்கு மனசு கேக்கல" என்றார் மீரான். "ஆனா எட்டு மாசமாப் பாதி பிரிட்ஜு சும்மா கெடக்கு. கோயம்புத்தூர்க்காரன் தெனம் போன் போடுதான். அல்லாஹ் ஒனக்கு வேற வழி வைப்பான்மா."

சித்திரை ஒன்றாம் தேதி கோயம்புத்தூர் மாவு அந்த இடத்தில் ஏறியது. முந்நூறு பையை நம்பி வேலைக்கு வரச் சொல்லியிருந்த நாலு பெண்கள் வீட்டுக்கும் நடந்து போய், வர வேண்டாமென்று சந்தனமாரி சொன்னாள். நாலாவது உலகம்மாள். பீடி சுற்றும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவள்.

"படிச்சவங்கள நம்பி என் பொழப்ப விட்டேன். உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாரி" என்றாள் உலகம்மாள். அந்த வார்த்தைக்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

அடுத்த செவ்வாய் சந்தனமாரி மாவு கொண்டு போகவில்லை. கடைசியாகக் கொடுத்த தன் தூக்குவாளியைத் திரும்ப வாங்கத்தான் போனாள். சுடலைமாடன் வாசலில் மறித்தார்.

"எங்கம்மா பை?"

"இனி பை கெடையாது அண்ணாச்சி. ஆர்டரு போச்சு. வெடிக்காத பைக்கு வழி சொல்ல இந்த ஊருல ஆளில்ல."

"எது வெடிக்காத பை? தையிலருந்து நீங்க தந்த பை ஒண்ணுகூட வெடிக்கலயே!"

அவர் பதிவேட்டை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு பைக்கும் ஒரு வரி. வந்த நேரம், வெடித்த நேரம், அன்றைய வெயில் மழை. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை முப்பத்துநாலு பை, முப்பத்துநாலும் வெடித்திருந்தன. வெயில் நாளில் பதினொன்றரைக்கு, மழை நாளில் சாயங்காலம் நாலுக்கு. தை பிறந்ததும் சணல் கயிறு தீர்ந்துவிட்டது. கயிறு கேட்டு எழுதிய கடிதம் உள்ளே எங்கோ கிடந்தது. கயிறு வரும்வரை பையின் மேல் ஓரத்தில், மாவுக்கு மேலே, டோக்கனை ஸ்டேப்ளரால் அடித்து வைத்தார். அதற்குப்பின் இருபத்தாறு பை. மறுநாள் சாயங்காலம் குப்பைக்குப் போகும்வரை ஒன்றும் வெடிக்கவில்லை. 'பின் அடித்த ஓட்டை வழியாகக் காற்று போய்விடுகிறது போல் தெரிகிறது' என்று தை மாதமே குறிப்பு எழுதியிருந்தார்.

சந்தனமாரி அந்தக் குறிப்பை விரல் வைத்து இன்னொரு தரம் படித்தாள். "ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க உள்ள அம்புட்டுப் பெரிய ஆராய்ச்சி நடத்துதிய. நான் போயி ஸ்டேப்ளர் பின்னப் பத்திப் பேசவான்னு இருந்துட்டேன். அதோட இந்த நோட்டு மாசாமாசம் உள்ள போயிட்டுத்தான் வருது. பாத்துத்தான கையெழுத்துப் போடுதாங்க?"

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பச்சை மையில் 'கண்டேன்' என்று எழுதி, முனைவர் மகாராஜா ஒப்பமிட்டிருந்தார். தையில் ஒன்று, மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று.

அவள் செய்த ஒரே தப்பு இனிமேல்தான். கோபத்தில் அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குள் போய் மேசைமேல் போட்டாள்.

"சார், இது உங்க கையெழுத்துதான? எம் பைக்குப் பதில் மூணு மாசமா உங்க கையெழுத்துக்கு மேலயே கெடந்துருக்கு. நாலு பொம்பளைக பொழப்பு போயிட்டு சார்!"

இயக்குநர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். அவர் முகம் இருண்டுகொண்டே வந்தது.

"குறிப்புக் கட்டத்தில் இதையெல்லாம் எழுத இந்த ஆளுக்கு அனுமதி கொடுத்தது யார்?"

வேறு ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆண்டுவிழா அழைப்பு வந்தது. நாற்பத்தெட்டாவது ஒப்பந்தம் அந்த ஆண்டின் வெற்றிக் கதையாகத் தேர்வாகியிருந்தது. போகக் கூடாதென்றுதான் இருந்தாள். காவல் அண்ணாச்சிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டுமே என்று கிளம்பினாள். வாசலில் சட்டை மடிப்புக் கலையாத ஒரு புது ஆள் நின்றான். பழையவர் எங்கே என்று கேட்டதற்கு, சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினான். தகுதியின்றி ஆய்வில் ஈடுபட்டதற்காகவும், பிளாஸ்டிக் பைகளைப் பரிசோதனை நோக்கில் வளாக வாசலில் பராமரித்ததற்காகவும் காவலர் சுடலைமாடன் அன்று காலை ஒன்பது மணியோடு விடுவிக்கப்பட்டிருந்தார். இனி உள்ளே போகும்போது மட்டுமல்ல, வெளியே வரும்போதும் பிளாஸ்டிக் சோதனை உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது.

தன் வாயால்தான் அந்த மனிதருக்கு வேலை போனது. சந்தனமாரி அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேடையேறினாள். தோளில் சால்வை விழுந்தது. கண்ணாடி போன்ற பலகைக்குள் தங்க எழுத்து மின்னும் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கையும் கொடுத்தார்கள்.

"நான் எட்டு மாசம் இங்கன வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்" என்றாள். "உள்ள இருந்த முப்பத்திரண்டு பேரும் எம் மாவத் தோசை சுட்டுத் தின்னிய. பதில் கண்டுபுடிச்சது வாசல்ல நின்ன ஒரு மனுசன். அவரு எழுதுனத வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிய. வாசிச்ச பொறவு அவர வெளிய அனுப்பிட்டிய. எனக்கு ஆர்டரு போச்சு, அவருக்கு வேலை போச்சு. இதுல வெற்றி யாருக்குன்னு சொல்லுங்க!"

முன்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"மிக உருக்கமான உரை! சகோதரி ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னார். அந்தக் காவலர் விடையைக் கண்டபோது நம் நிலையத்தின் பணியில் இருந்தார். ஆகவே அது நம் நிலையத்தின் கண்டுபிடிப்பு. காப்புரிமைக்கு நேற்றே விண்ணப்பித்துவிட்டோம்."

"அப்போ அவருக்கு வேலையத் திருப்பிக் குடுங்க!" சந்தனமாரி மைக் இல்லாமலே கத்தினாள்.

"அது நிர்வாகப் பிரிவு அம்மா" என்று இயக்குநர் அன்போடு சொன்னார். "இது ஆய்வுப் பிரிவு."

அவள் இறங்கி நடந்தாள். தேசிய கீதத்துக்குக்கூட நிற்கவில்லை என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அது இன்னும் தொடங்கவேயில்லை. ஆய்வகத்தில் நுழைந்து, அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த தன் தூக்குவாளியை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். சீவலப்பேரி பேருந்து எத்தனை மணிக்கு என்பதுதான் இப்போது அவள் மனதில் ஓடியது. சுடலைமாடன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் காலில் விழாவிட்டாலும் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். பாளையங்கோட்டையில் சின்னக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன; ஏறி இறங்கி மாவு போட ஒரு ஆள் வேண்டும் என்று கேட்க வேண்டும். வெடிக்காத பையைப் பற்றி அவரைவிட விவரமாகச் சொல்ல இந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?

வாசலில் புதுக் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"யம்மா, அந்தக் கேடயம் பிளாஸ்டிக்குல்லா? வெளிய கொண்டுபோகக் கூடாது."

"உங்க ஆளுகதான்யா குடுத்தாங்க."

"யாரு குடுத்தாலும் சட்டம் ஒண்ணுதான். டோக்கன் போட்டு வைக்கேன். பொறவு வந்து வாங்கிக்கிடுங்க."

சந்தனமாரி கேடயத்தை மேசைமேல் வைத்தாள். தோளில் கிடந்த சால்வையையும் உருவி அதன்மேல் போட்டாள்.

"நான் வர மாட்டேன். நாளைச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்துட்டு, சட்டப்படி குப்பையில போட்டிருங்க."